இருமலுக்குப் போட்ட நாற்காலி

வடபழனி பஸ் டெப்போவுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில், ஒரு காலத்தில் கார் நிறுத்தி வைத்திருந்த இடத்தை நான்கு பக்கமும் பஞ்சும் துணியும் வைத்து அடைத்துக் கட்டிய டப்பிங் ஸ்டூடியோவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, பிலோமினாவின் இருமல் அவளை விட்டு இறங்கி வடகிழக்கு மூலையில் போய் நின்றுகொண்டது. அதன் பிறகு அது அங்கேயே இருந்தது. அடித்து விரட்டிப் பார்த்தார்கள், கேலி செய்து பார்த்தார்கள், கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்தார்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் அதற்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

அந்த ஸ்டூடியோவில் இந்தி சீரியல்களுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பார்கள். யார் எந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும், எந்த இடத்தில் மூட வேண்டும் என்று அறைக்குள்ளேயே நின்று தோளைத் தொட்டுச் சொல்லுகிற இன்சார்ஜ் தீனதயாளன். வயது ஐம்பத்து நான்கு. புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே எப்படி நடந்துகொள்வது என்று சொல்லுவதும் அவர்தான். இருபத்தாறு வருடமாக ஒரே பாட்டைப் பாடுகிறவர் மாதிரி, எதிரில் நிற்பவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அதைச் சொல்லுவார். பிலோமினாவுக்கும் அப்படித்தான் சொன்னார்.

"செருப்பு வெளியில. வளையல், கொலுசு, சாவிக்கொத்து, போன் எல்லாம் வெளியில. கஞ்சி போட்ட புடவை கட்டிக்கிட்டு வராதீங்க, மூச்சு விட்டாலே மொறமொறங்கும். வெறும் வயித்தோட வராதீங்க, உங்களுக்கு முன்னாடி வயிறு டயலாக் பேசிடும். பேசும்போது பேப்பரைப் புரட்டக் கூடாது. மைக்கைத் தொடக் கூடாது. நல்லாப் பேசினேனான்னு கேக்கக் கூடாது. இன்னொரு தடவை பேசட்டுமான்னும் கேக்கக் கூடாது. சீனியர் நாற்காலியில உக்காரக் கூடாது. சிவப்பு லைட் எரிஞ்சா, வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் கதவைத் திறக்கக் கூடாது. மைக் திறந்திருக்கும்போது பேப்பர்ல இல்லாத ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வரக் கூடாது."

"அப்போ வாயை மட்டும் எடுத்துக்கிட்டு வந்தாப் போதுமா சார்?" என்றாள் பிலோமினா.

"அதையும் கேட்டாத்தான் திறக்கணும்."

அவள் சிரித்தாள். ராயபுரத்துக்காரி, நாற்பத்து மூன்று வயது. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில் பதினேழு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து, பட்டுப் பிரிவு எங்கே, குழந்தைகள் பிரிவு எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தவள். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார்கள் அவளுடைய குரல் கேட்டதுமே பாதி அழுகையை நிறுத்திவிடுவார்களாம். ஒரு மத்தியானம் கடைக்காரர்கள் அவளை உட்கார வைத்து எல்லா அறிவிப்புகளையும் பதிவு செய்துகொண்டு, அடுத்த மாதம் ஒரு புடவையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குரல் இன்னும் அங்கே பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தது. நர்சிங் படிக்கிற மகளை வைத்துக்கொண்டு அவள் வேறு இடம் தேடி வடபழனிக்கு வந்தாள்.

தீனதயாளன் அவளிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. மறதியால் அல்ல, அதுதான் பிற்பாடு அவரைத் தின்றது. அந்த அறையில் ஒரு வழக்கம்: டேக் நடுவில் யாரிடமிருந்தாவது தும்மலோ ஏப்பமோ இருமலோ வந்துவிட்டால், அந்தச் சத்தத்துக்கு உரியவர் உடனே வலது கையைத் தூக்க வேண்டும், "என்னுது" என்று சொல்ல வேண்டும். இன்சார்ஜ் அவரைப் பார்த்து, "சரி, உன்னுது" என்று சொல்ல வேண்டும். அத்தோடு அந்தச் சத்தம் முடிந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது, மறுபடி முதலிலிருந்து போகலாம். கேட்பவர்களுக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள், ஏன் ஏற்படுத்தினார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு அவர் அதைச் சொல்லாததற்குக் காரணம் சௌதாமினி. இருபத்திரண்டு வருடமாகக் கதாநாயகிகளுக்கு அழுகிறவள். அவளுடைய அழுகைக்காகவே தமிழ்நாட்டில் சாப்பாட்டை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து உட்காருகிறவர்கள் இருந்தார்கள். அன்று மாமியார் செத்துப்போகிற காட்சி. அழுகை சரியாக வரவில்லை. பத்தொன்பது டேக் ஆகியிருந்தது. இழவு வீட்டுக் கூட்டத்தில் முணுமுணுப்பதற்காக ஐந்து பெண்களோடு பிலோமினாவையும் உள்ளே விடும்போது, தீனதயாளன் அவள் காதருகில் போய், "இன்னிக்கு அம்மாவுக்கு மூடு சரியில்ல. கல்லு மாதிரி நில்லுங்க. எது நடந்தாலும் அசையாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

இருபதாவது டேக்கில் சௌதாமினிக்கு அழுகை வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சில் ஒரு சுற்றுச் சுற்றி, தொண்டைக்கு வந்து உடைய வேண்டிய நொடியில், பிலோமினா இருமினாள். ஒரே ஒரு இருமல்.

சௌதாமினி ஹெட்போனைக் கழற்றினாள். "யாருது?"

மற்ற ஐந்து பெண்களும் தரையைப் பார்த்தார்கள். முன்னால் நின்றவளின் வலது கை அனிச்சையாக இடுப்பு உயரம் வரை எழுந்து, சத்தம் தன்னுடையது இல்லை என்று தெரிந்து இறங்கியது. அதைப் பார்த்துப் பிலோமினாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், அவளுடைய வலது கை மெல்ல மார்பு உயரம் வரை எழுந்தது. அவள் தீனதயாளனைப் பார்த்தாள். தீனதயாளன், யாரும் கவனிக்காத அளவுக்கு, தலையை இடமும் வலமும் ஒருமுறை அசைத்தார். கை இறங்கிவிட்டது.

"யாருதும் இல்ல மேடம். ஏசி சத்தமா இருக்கும்" என்றார்.

"ஏசிக்குச் சளி பிடிச்சிருக்கா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இஞ்சினியர் முகுந்தன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி சிவப்பு விளக்கு எரிந்தது. சௌதாமினி மூச்சை இழுத்தாள். யாருமே நிற்காத வடகிழக்கு மூலையிலிருந்து அதே இருமல் வந்தது.

முதல் வாரம் ஏசி மெக்கானிக் வந்தார், இரண்டாவது வாரம் தச்சர் வந்து மூலைப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தார், மூன்றாவது வாரம் முதலாளியின் மாமனார் எலுமிச்சம்பழத்தோடு ஒருவரை அழைத்துவந்தார். அந்த ஆள் மூலையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நெஞ்சுச் சளி, துளசி குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். துளசி போட்டுக் காய்ச்சிய வெந்நீரை ஒரு டம்ளரில் கொண்டுபோய் வைத்தார்கள். அரை மணியில் டம்ளரில் ஒரு விரல்கடை குறைந்திருந்தது. அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. நாளையிலிருந்து பெரிய டம்ளராக வைக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

ஒரு மாதத்தில் அதற்கு நேரம் காலம் தெரிந்துவிட்டது. பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அந்தப் பதினொரு நிமிடத்துக்குள் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள், அது இருமி முடிக்கும், மறுபடி எடுப்பார்கள். இரண்டாவது மாதம், சௌதாமினியின் சீரியலில் தாக்கூர் வீட்டுப் பெரியவருக்கு நுரையீரலில் நோய் வந்தது. அந்தப் பெரியவருக்குக் குரல் கொடுக்கிறவர் இருமி இருமித் தொண்டை கட்டி, மிளகு தேடி வெளியே போயிருந்த சமயத்தில், திரையில் பெரியவர் வாயைத் திறந்தார், மூலையிலிருந்து இருமல் வந்தது, உதட்டோடு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. முகுந்தன் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தான்.

"சார், இது பதிஞ்சிருச்சு" என்றான். "இதைவிட யாரு பண்ணுவாங்க?"

அப்போதுதான் நாற்காலி வந்தது. பிறகு அதன் உயரத்துக்கு ஒரு மைக் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால்தான் இருமலாம் என்று அதுவாகவே கற்றுக்கொண்டது. முன்கூட்டி வராது, பிந்தியும் வராது. பேப்பரைப் புரட்டாது. இன்னொரு தடவை இருமட்டுமா என்று கேட்காது. சாப்பாடு எப்போது வரும் என்று எட்டிப் பார்க்காது. புதிதாக வருகிறவர்களிடம் சௌதாமினி மூலையைக் காட்டி, "அவங்களைப் பாத்துக் கத்துக்குங்கடி. உங்க எல்லாரையும்விட ஒழுக்கம்" என்பாள். 'அது' என்று இருந்தது எந்த நாளில் 'அவங்க' ஆனது என்று தீனதயாளனால் எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை. நான்காவது மாதம் மற்ற ஸ்டூடியோக்காரர்கள் தங்கள் காசநோய்க்காரர்களையும் சாகக் கிடக்கிற அப்பாக்களையும் எடுத்துக்கொண்டு வடபழனிக்கு வரிசையில் வந்தார்கள். டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து புகைப்படம் ஒட்டாத உறுப்பினர் அட்டை ஒன்று வந்தது. அதை நாற்காலி முதுகில் ஆணியடித்து மாட்டினார்கள். பிலோமினா விண்ணப்பித்த அட்டை வரவில்லை.

பிலோமினா இருமுவதை நிறுத்தியிருந்தாள். நிறுத்தியிருந்தாள் என்று சொல்லுவது தப்பு; அவளுக்கு அது இல்லை. மழைக்காலத்தில் நெஞ்சு கட்டிக்கொண்டால் வாயைத் திறப்பாள், வயிற்றை எக்குவாள், வெறும் காற்று வரும். அரசு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இருமுங்கம்மா" என்றார் டாக்டர். அவள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் ஒன்றுமில்லை, ஆனால் சாப்பிடும்போது ஜாக்கிரதை, தொண்டையில் ஏதாவது போனால் வெளியே தள்ள உங்களுக்கு வழியில்லை, யாராவது பக்கத்தில் இருக்கும்போதுதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மகள் சோற்றைக் குழைத்துக் கொடுத்துவிட்டு, முதுகில் கையை வைத்துக்கொண்டே பக்கத்தில் உட்காருவாள்.

இதையெல்லாம் பிலோமினா ஸ்டூடியோ வராந்தாவில் நின்று தீனதயாளனிடம் சொன்னாள். அதற்குள் வழக்கத்தைப் பற்றி யாரோ ஒரு கூட்டக் குரல்காரி அவளிடம் சொல்லியிருந்தாள்.

"உள்ள வந்து ஒரே ஒரு தடவை கை தூக்கறேன் சார். நீங்க சரின்னு சொல்லுங்க. போதும்."

அவர் அவளை உள்ளே விட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும், அவர் ஒருமுறை விட்டார். அவள் காலணியைக் கழற்றி, வளையலைக் கழற்றி, அடி எடுத்து வைத்ததுமே அறையில் ஏதோ மாறியது. சிவப்பு விளக்கு எரிந்தது, இருமல் வர வேண்டிய நொடி வந்தது, போனது. மூலை சத்தமில்லாமல் இருந்தது, எஜமானியைக் கண்ட நாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. பிலோமினா வலது கையைத் தூக்கினாள். "என்னுது" என்றாள். அவளுடைய நெஞ்சு ஒருமுறை குலுங்கியது. முகத்தில், ஆறு மாதத்துக்குப் பிறகு, தொண்டை அரிக்கிறவளின் சந்தோஷம் வந்தது.

எல்லோரும் தீனதயாளனைப் பார்த்தார்கள்.

இரண்டே சொல். அதைச் சொல்லியிருந்தால், யாருதும் இல்லை, ஏசி சத்தம் என்று அவர் சொன்னது பொய் என்று சௌதாமினிக்குத் தெரிந்துபோகும். தாக்கூர் வீட்டுப் பெரியவருக்கு இன்னும் நாற்பது எபிசோட் உயிர் இருந்தது. வெளியே மூன்று கம்பெனிக்காரர்கள் காத்திருந்தார்கள். ஆனால் இவை எதுவும் காரணமில்லை என்று பிற்பாடு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போதெல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கூட்டக் குரல்காரி தன்னை ஒரு சொல்லுக்காக நிறுத்தி வைத்திருக்கிறாள் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அது அவ்வளவு சின்னதாக இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"யாரு உன்னை உள்ள விட்டது?" என்றாள் சௌதாமினி. "ஆறு மாசமா வளர்த்து ஆளாக்கினது நாங்க. இப்ப வந்து என்னுதுங்கிற?"

"பெத்தவ நான்தானே மேடம்."

"அன்னிக்கு வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். அன்னிக்கு ஏன் சொல்லல?"

பிலோமினா தீனதயாளனைக் காட்டிக்கொடுக்கவில்லை. மைக் திறந்திருந்தது, பேப்பரில் இல்லாததைப் பேசக் கூடாது. தூக்கிய கையை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"வெளியில இருங்க பிலோமினாம்மா" என்றார் அவர். "இந்தப் பெரியவர் பாகம் முடியட்டும். முடிஞ்சதும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

அவள் வெளியே போனதும், கதவு மூடியதும், மூலையில் இருமல் வந்தது. அன்றைக்கு அதற்குத் தேன் வைத்தார்கள்.

அதன் பிறகு பிலோமினா தினமும் வந்தாள். உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. வராந்தாவில், கதவுக்கு நேர் எதிரே, எல்லோரும் செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டிருப்பாள். அந்தக் கதவில் முகம் உயரத்துக்கு வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. டேக் முடிந்து, அடுத்த டேக் தொடங்குவதற்கு முன்னால், கண்ணாடியில் அவளுடைய வலது கை தெரியும். ஐந்து விரலும் விரிந்து, அசையாமல். தீனதயாளன் தன் கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, பொறுங்கள் என்பார். கை இறங்கும். சிவப்பு விளக்கு எரியும்போது மட்டும் ஒருநாளும் அவள் கை தூக்கியதில்லை, மரியாதை தெரிந்தவள். "உங்க ஆளு வந்தாச்சு சார்" என்பான் முகுந்தன். "டிராபிக் போலீஸ் மாதிரி ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க." அதுவும் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் கண்ணாடியில் கையைப் பார்த்துப் பயந்தால், அது ஒன்றுமில்லை, அவங்களுடைய அம்மா என்று பழையவர்கள் சொல்லுவார்கள்.

ஆயுத பூஜைக்கு மைக்குகளுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மூலை நாற்காலிக்கு ரோஜா மாலையே போட்டார்கள். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் டேக், அதுவும் தாக்கூர் வீட்டுப் பெரியவர் சாகிற காட்சி. சாவுக் காட்சியை விஜயதசமியில் எடுக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, அவங்களுக்கு இதைவிடப் பெரிய காட்சி இனி எப்போது வரப்போகிறது என்றாள் சௌதாமினி. முதல் டேக் நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் வருடம் முழுவதும் நிற்கும் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

தீனதயாளன் உள்ளே போகும்போது பிலோமினா தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கோட பெரியவர் செத்துடறார் சார்" என்றாள். "வெளியில ஒட்டின சீன் லிஸ்ட்ல போட்டிருந்தது. அப்ப முடிஞ்சதும் கூப்பிடுவீங்க."

"கூப்பிடறேம்மா." அவர் நிஜமாகவே கூப்பிடுவதாக இருந்தார். மனசு லேசானது. அந்த லேசில், பூஜையில் மிச்சமிருந்த பொரிகடலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். "உங்க இருமலுக்குப் படைச்சது."

அவள் தயங்கினாள். சுற்றிலும் பார்த்தாள், பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் பூஜைப் பொரி, கொடுத்தவர் இன்சார்ஜ், வேண்டாம் என்பது மரியாதையில்லை. அவர் கதவை மூடும்போது, நாலு பொரியும் ஒரு கடலையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் பெரியவர் கட்டிலில் கிடந்தார், மருமகள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். சௌதாமினி மூச்சை இழுத்தாள். பெரியவர் இன்னும் வாய் திறக்கவில்லை. தீனதயாளனின் விரல் இன்னும் மூலையை நோக்கி நீளவில்லை. இருமல் வந்துவிட்டது.

முதல் தடவையாக அது முந்திக்கொண்டது. முகுந்தன் புருவத்தைத் தூக்கினான். ஆனால் அந்தச் சமயத்தில் திரையில் பெரியவரின் உடம்பும் தூக்கிப் போட்டது, இருமல் அதில் போய்ப் பொருந்திக்கொண்டது. பிறகு வந்ததை அந்த அறை அதுவரை கேட்டதில்லை. கிணற்றில் விழுந்தவன் சுவரைக் கீறுவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக, மூச்சுக்கு இடமே விடாமல், நாற்காலி ஆட, மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் உதிர, தன்னிடம் இல்லாத ஒரு தொண்டையிலிருந்து எதையோ வெளியே தள்ளப் பார்க்கிறதுபோல அது இருமியது. சௌதாமினி தன் வரியை மறந்தாள். மறந்த இடத்தில், இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, சொல்லித்தராமல் அவளுக்கு அழுகை வந்தது.

தீனதயாளன் தற்செயலாகத் திரும்பினார். கதவின் வட்டக் கண்ணாடியில் பிலோமினாவின் வலது கை தெரிந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன.

சிவப்பு விளக்கு எரிகிறபோதா, என்று நினைத்தார். விஜயதசமி முதல் டேக், இத்தனை நாள் காத்திருந்தவளுக்கு இன்னும் இரண்டு நிமிடம் பொறுக்கவில்லையா என்று கோபம் வந்தது. கை கண்ணாடியில் ஒருமுறை அடித்தது. பஞ்சும் துணியும் வைத்த கதவு. சத்தம் உள்ளே வரவில்லை. அவர் தன் கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினார். பொறுங்கள். கை போகவில்லை. அவர் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு உள்ளங்கையை இன்னும் உயரத் தூக்கினார். பொறுங்கள். கை மெல்ல, விரல்களைக் கண்ணாடியிலேயே இழுத்துக்கொண்டு, இறங்கியது.

திரையில் பெரியவரின் தலை சாய்ந்தது. அதே நொடியில், மயிரிழை பிசகாமல், இருமல் நின்றது.

முகுந்தன் எழுந்து நின்று கை தட்டினான். "ஓகே சார்! இதுக்கு மேல ஒண்ணுமில்ல." சௌதாமினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "இன்னிக்குத்தான் அவங்க நடிச்சிருக்காங்க."

"அடுத்த சீன்ல பெரியவர் ஆவியா வர்றார் மேடம், லேசா ஒரு இருமல் வேணும். அதையும் எடுத்துடலாம், சூடு ஆறதுக்குள்ள" என்றான் முகுந்தன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. காத்திருந்தார்கள். வரவில்லை. அணைத்து மறுபடி போட்டார்கள். வெந்நீர் வைத்தார்கள். "களைச்சுப் போயிருப்பாங்க, கொஞ்சம் விடுங்க" என்றாள் சௌதாமினி. டம்ளரில் தண்ணீர் குறையவில்லை.

தீனதயாளன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். அங்கே கையில்லை, முகமில்லை, விரல்கள் இழுத்த ஐந்து கோடுகள் மட்டும் இருந்தன. அவர் போய்க் கதவைத் தள்ளினார். வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஒரு விரல்கடை நகர்ந்து, எதிலோ மெத்தென்று இடித்து நின்றது. அந்த இடுக்கு வழியாகக் கீழே பார்த்தார். செருப்புகளுக்கு நடுவே பொரி சிதறியிருந்தது.

"சரி" என்றார். "சரி, உங்களுது. பிலோமினாம்மா, உங்களுதுதான். அன்னிக்கே உங்களுதுதான், நான்தான்..."

"சார்" என்றது ஸ்பீக்கரில் முகுந்தனின் குரல், தாழ்ந்து, மரியாதையோடு. "மைக் திறந்திருக்கு சார். பேசாதீங்க."

தீனதயாளன் வாயை மூடிக்கொண்டார்.